கோத்தகிரியில் ஒரு டீக்கடை: டீ, வர்க்கி, கொஞ்சம் சமூகவியல்

முதலில் டீயைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ராங் கேட்டால் ஸ்ட்ராங்காகத்தான் வருகிறது. மலை முழுக்கத் தேயிலை இருந்தும் நீலகிரியில் நல்ல டீ கிடைப்பது அத்தனை சுலபமில்லை. பல கடைகளில் பாலில் சாயம் காட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். இங்கே டஸ்ட் தூள், துணி வடிகட்டி, பாய்லர் எப்போதும் கொதியில். காலையில் காய்ச்சிய பாலை மாலை வரை இழுப்பதில்லை. கண்ணாடி டம்ளரில் 15 ரூபாய். வர்க்கி உள்ளூர் அடுப்பில் சுட்டது, அடுக்கடுக்காக உதிர்கிறது. டீயில் முக்கினால் உடனே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் டம்ளரின் அடியிலிருந்து ஸ்பூனால் தோண்டி எடுக்க வேண்டியதுதான். பருப்பு வடை பத்து மணிக்குள் போனால் நன்றாக இருக்கும். போண்டா சுமார்.

கடை பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரம். பெயரைப் போடவில்லை. எழுதப்போகிறேன் என்றதும் ஓனர், "எழுதுங்க, ஆனா பேரு வேண்டாங்க. கூட்டம் வந்தா நம்மாளுங்களுக்கு உக்கார எடம் இருக்காது" என்று சொல்லிவிட்டார். தேடிக் கண்டுபிடிக்கிறவர்கள் கண்டுபிடிப்பார்கள்.

நான் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மேட்டுப்பாளையம், கோத்தகிரி, ஊட்டி என்று இதே மலையில்தான் வேலை. ஓய்வுக்குப் பிறகு தபால் வழியில் எம்.ஏ. சமூகவியல் சேர்ந்தேன். கோட்பாட்டுத் தாளில் முதல் சில பாடங்கள் அமைப்பு, செயல்பாடு, வர்க்கம் என்று எட்டாத உயரத்தில் போய்க்கொண்டிருந்தன. குறியீட்டு இடைவினைக் கோட்பாடு (சிம்பாலிக் இன்டராக்‌ஷனிசம்) வந்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சமூகம் என்பது எங்கோ மேலே நிற்கிற ஒரு பெரிய பொருள் இல்லை, ஆளும் ஆளும் முகத்துக்கு முகம் பழகும்போது நிமிடத்துக்கு நிமிடம் செய்யப்படுகிறது என்கிறது அது. பஸ்ஸில் நாள் முழுக்க நான் பார்த்தது இதைத்தான். இப்போது பஸ் இல்லை, டீக்கடை இருக்கிறது.

இந்தக் கோட்பாட்டுக்கு 1937-ல் பெயர் வைத்தவர் ஹெர்பர்ட் புளூமர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்துக்கொண்டே அமெரிக்கக் கால்பந்தைச் சம்பளத்துக்கு ஆடியவர். அவர் சொன்னது சுருக்கமாக இவ்வளவுதான். ஒரு பொருள் நமக்கு என்ன அர்த்தமோ, அதை வைத்துத்தான் அதனிடம் நடந்துகொள்கிறோம். அந்த அர்த்தம் பொருளுக்குள் இல்லை, பிறரோடு பழகுவதில் உண்டாகிறது. உண்டானதையும் நாம் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை, மனதுக்குள் புரட்டிப் பார்த்து, இடத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்கிறோம்.

பரீட்சைக்கு இதை எழுத நான் மனப்பாடம் செய்யவில்லை. கடையின் கணக்கு நோட்டை நினைத்துக்கொண்டேன்.

கல்லாவுக்குக் கீழே நீள வாக்கில் ஒரு நோட்டு இருக்கிறது. பாக்கி ஏறிப்போன ஆள் உள்ளே நுழைந்தால் ஓனர் எதுவும் கேட்பதில்லை. நோட்டை எடுத்துக் கல்லாவின் மேலே வைக்கிறார். திறப்பதில்லை, அந்த ஆளைப் பார்ப்பதுகூட இல்லை. டீ வழக்கம்போல வருகிறது. குடித்துவிட்டு எழும்போது அவர் நூறோ இருநூறோ வைக்கிறார், நோட்டு கீழே போகிறது. பக்கத்தில் உட்கார்ந்து வடை தின்கிற வெளியூர்க்காரருக்கு அது வெறும் நோட்டு. ஒருநாள் லாரி ஓட்டுகிற ஒருவர் மேலே வந்த நோட்டைப் பார்த்துவிட்டு, "என்னங்க, நோட்டுக்கு வெயில் காட்டறீங்களா?" என்றார். வெளியே ஒரே மூடுபனி. ஓனருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நோட்டையும் கீழே வைத்தார். பாக்கி இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போனது. புளூமரின் மூன்றாவது கருத்தை நான் பரீட்சையில் இந்த லாரிக்காரரை வைத்துத்தான் எழுதினேன். மதிப்பெண் நன்றாகவே வந்தது.

வாசலில் நிற்கிற வண்டியின் நம்பர் பிளேட்டும் அப்படித்தான். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் வேண்டும் என்றானது. நீலகிரியின் பதிவெண்ணான டி.என். 43 உள்ள வண்டிகளுக்கு இங்கே அது தேவையில்லை. அதற்கு முன்பும் பிளேட்டைப் பார்ப்பார்கள், ஆனால் இப்போது ஆளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே பிளேட்டைப் பார்த்துவிடுகிறார்கள். 43 என்றால் "வாங்கண்ணா", வேறு எண் என்றால் "வாங்க சார்". சாருக்குக் கேட்காமலே சர்க்கரை அரை ஸ்பூன் அதிகமாக விழுகிறது. சமவெளியிலிருந்து வருகிறவர்கள் இனிப்பாகக் குடிப்பார்கள் என்பது மாஸ்டரின் முடிவு. சர்க்கரை கம்மியாக வேண்டும் என்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆனால் யாரிடம் சொல்வது என்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. தயவுசெய்து பாய்லர் பக்கம் போய் மாஸ்டரிடம் நேராகச் சொல்லாதீர்கள்.

கடையில் மாஸ்டர் பெரியவர், சப்ளையர் சின்னவர். வயதிலும் சம்பளத்திலும் அப்படித்தான். ஆனால் வேலை நடக்கிற விதத்தில் சின்னவர்தான் பெரியவருக்கு நாள் முழுக்க உத்தரவு போட வேண்டியிருக்கிறது: ரெண்டு டீ, மூணு டீ, ஒண்ணு லைட். எந்த ஹோட்டலிலும் இந்த உரசல் உண்டு. வில்லியம் ஃபூட் வைட் என்ற அமெரிக்கர் சிகாகோ உணவகங்களை ஆராய்ந்து 1948-ல் இதைப் பற்றி எழுதினார். பரிமாறுகிற பெண்கள் சமையல்காரர்களிடம் வாயால் கேட்டால் சண்டை வருகிறது. ஆர்டரைச் சீட்டில் எழுதி ஒரு கம்பியில் குத்திவைத்துவிட்டால் சண்டை குறைகிறது. ஏனென்றால் சமையல்காரர் இப்போது ஒரு பெண் சொல்லி வேலை செய்யவில்லை, கம்பியிலிருந்து தானாகச் சீட்டை எடுத்து வேலை செய்கிறார்.

இந்தக் கடையில் சீட்டும் இல்லை, கம்பியும் இல்லை. சப்ளையர் கூரையைப் பார்த்துப் பாடுகிறார். "ரெண்டு ஸ்ட்ராங்கு, ஒரு சக்கரை இல்லாம, ஒரு லைட்டேய்..." மாஸ்டர் பக்கம் முகத்தைத் திருப்புவதே இல்லை. மாஸ்டரும் பதில் சொல்வதில்லை. டம்ளர் விளிம்பில் ஸ்பூனால் ஒரு தட்டு தட்டுவார், காதில் விழுந்தது என்று அர்த்தம். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. காற்றில் ஒரு பாட்டு போனது, டீ வந்தது. ஓனரின் உறவுக்காரர் ஒருவர் சில நாள் கல்லாவில் உட்கார்ந்தார். "மாஸ்டர், அந்த டேபிளுக்குச் சீக்கிரம் போடுங்க" என்று நேராகச் சொன்னார். அந்த டேபிளுக்கு டீ கடைசியில்தான் வந்தது, அதுவும் ஆறிப்போய்.

வைட் எழுதியதைப் படித்தபோது எனக்கு வேறொன்று புரிந்தது. கண்டக்டர்கள் எல்லோருக்கும் கழுத்தில் விசில் எதற்கு? இன்ஜின் சத்தத்தில் குரல் கேட்காது என்பது ஒரு காரணம், சரி. ஆனால் பஸ் நின்றுகொண்டிருக்கும்போதும், டிரைவர் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் நாங்கள் விசில்தான் அடிப்போம். ஒரு விசில் அடித்தால் நிறுத்தம், இரண்டு அடித்தால் ரைட். என்னைவிட மூத்த டிரைவரிடம் "நிறுத்துங்க", "எடுங்க" என்று நாளைக்கு முந்நூறு தடவை வாயால் சொல்லியிருந்தால் பர்லியாறு வளைவிலேயே எங்கள் உறவு முறிந்திருக்கும். வைட் அந்தக் கம்பியில் பார்த்ததை நான் இத்தனை வருடம் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

எர்விங் கோஃப்மனையும் இந்தக் கடையோடு சேர்த்துத்தான் நான் படித்தேன். கனடாவில் பிறந்த சமூகவியலாளர். 1949 முதல் 1951 வரை ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவு ஒன்றில் தங்கி, அங்கிருந்த சின்ன ஹோட்டலையும் கவனித்தார். மனிதர்கள் ஒருவர் முன் ஒருவர் வேஷம் கட்டி நடிக்கிறார்கள், அதற்கு முன்மேடையும் பின்மேடையும் உண்டு என்ற அவருடைய கருத்தில் அந்த ஹோட்டலின் சாப்பாட்டு அறையும் சமையலறையும் அடிக்கடி வருகின்றன. சமையலறைக் கெட்டிலின் மேல் ஈரமான சாக்ஸ் காய்ந்துகொண்டிருக்கும், விருந்தினர் கண்ணில் அது பட்டுவிடக் கூடாது. அதனால் இரண்டுக்கும் நடுவே உள்ள கதவு திறந்திருக்க வேண்டுமா மூடியிருக்க வேண்டுமா என்பதில் ஓயாத இழுபறி. குளிர் ஊர் எல்லாம் ஒன்றுதான் போல. இங்கே ஜூலையில் மாஸ்டரின் கம்பளிக் குல்லா பாய்லர் மூடியின் மேல் காய்கிறது. கதவே இல்லாததால் எல்லோரும் பார்க்கிறோம். சுத்தத்துக்கு இதனால் ஒரு மதிப்பெண் குறைக்கிறேன். குல்லாவைப் பக்கத்திலுள்ள ஆணியில் மாட்டலாம், ஆணி சும்மாதான் இருக்கிறது.

பின்மேடை இல்லாத கடை என்று நினைத்திருந்தேன். அது மொழியில் இருக்கிறது. ஓனர் நீலகிரியின் படுகர் சமூகத்தவர், மாஸ்டர் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்த தேயிலைத் தோட்டக் குடும்பத்தில் பிறந்தவர். இங்கேயே வளர்ந்ததால் படுகர்களின் மொழியான படுகு அவருக்கும் நன்றாக வரும். மூன்று வர்க்கி வாங்க முப்பது கேள்வி கேட்கிற வாடிக்கையாளர் முன்னால் இருவரும் முகம் மாறாமல் "ஆமாங்க, இன்னைக்குச் சுட்டதுதாங்க" என்பார்கள். அடுத்த விநாடி இரண்டு வாக்கியம் படுகில் போகும், மாஸ்டரின் தோள் குலுங்கும். எனக்குப் பாதி புரியும். புரியாததுபோல் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன்.

பேப்பர் என்றதும் ஒன்று. தினத்தந்தி ஒன்றுதான் வாங்குகிறார்கள், அது காலை எட்டு மணிக்குள் தனித்தனித் தாளாகப் பிரிந்துவிடும். விளையாட்டுப் பக்கம் வேண்டுமென்றால் அதை வைத்திருப்பவரிடம் கேட்கக் கூடாது. உங்கள் கையிலுள்ள தாளை முடித்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் தானாக வரும்.

புளூமரின் ஆசிரியர் ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அவர் 1931-ல் இறந்தார், மாணவர்களின் வகுப்புக் குறிப்புகளைத் தொகுத்து 1934-ல் புத்தகம் போட்டார்கள் என்பது தபால் வழி மாணவனான எனக்கு மிகவும் பிடித்த செய்தி. குழந்தை முதலில் ஒரு நேரத்தில் ஒருவரைப் போலச் செய்து விளையாடுகிறது; பிறகுதான் பேஸ்பால் போன்ற ஆட்டத்தில் எல்லோருடைய எதிர்பார்ப்பையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ளப் பழகுகிறது என்றார். புதிதாகச் சேர்ந்த சப்ளையர் தம்பி முதல் மாதம் பழைய சப்ளையரின் பாட்டை அப்படியே பாடிக்கொண்டிருந்தார், அதே இழுப்பு, அதே இருமல்கூட. இப்போது மேட்டுப்பாளையம் வண்டி வந்து இருபது பேர் ஒரே நேரத்தில் இறங்கினால், டிரைவருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது, மாஸ்டர் கை எங்கே இருக்கிறது, ஓனரிடம் சில்லறை இருக்கிறதா என்று எல்லாம் பார்த்துத்தான் வாயைத் திறக்கிறார். சேவைக்கு முழு மதிப்பெண்.

சார்ல்ஸ் ஹார்ட்டன் கூலி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1902-ல் சொன்னதும் உண்டு. பிறர் கண்ணில் நான் எப்படித் தெரிகிறேன், அவர் என்னை எப்படி எடைபோடுவார் என்று கற்பனை செய்து, அதிலிருந்து பெருமையோ கூச்சமோ அடைகிறேன். என்னைப் பற்றிய என் எண்ணமே இப்படித்தான் உருவாகிறது. பேங்கில் நான் பென்ஷனர், வரிசையில் நிற்கும்போதே முதுகு வளைந்துவிடுகிறது. இந்தக் கடையில் இன்னும் "கண்டக்டரண்ணா". இந்த ஒரு காரணத்துக்காக என் விமர்சனத்தில் கொஞ்சம் சார்பு இருக்கலாம், நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

கடை முன்பு இரவு எட்டரை வரை இருந்தது, இப்போது ஏழரை. காரணம் ஒரு கரடி. கோத்தகிரிப் பக்கம் கரடி நடமாட்டம் நிஜம், அதில் சந்தேகமில்லை. ஆனால் போன குளிர்காலத்தில் பின் சந்தில் கரடி என்று ஒருவர் கடையில் வந்து சொன்னாரே, அது பனியில் நின்ற ஒரு கறுப்பு நாய். மறுநாளே தெரிந்துவிட்டது. அதற்குள் சந்தில் ஆள் நடமாட்டம் நின்றது, இரவு டீக்கு வருகிற கூட்டம் ஏழு மணிக்கே வீட்டுக்குப் போகப் பழகியது, ஆட்டோக்காரர்கள் அந்தப் பக்கம் கூடுதலாகக் கேட்டார்கள். நாய் என்று தெரிந்த பிறகும் எதுவும் பழையபடி ஆகவில்லை. சமூகவியலாளர்கள் டபிள்யூ.ஐ. தாமஸும் டோரதி ஸ்வைன் தாமஸும் 1928-ல் எழுதியது இதுதான்: மனிதர்கள் ஒரு நிலைமையை உண்மை என்று முடிவுசெய்துவிட்டால், அதன் விளைவுகள் உண்மையாகிவிடுகின்றன. ஆகவே ஏழே காலுக்கு முன் போய்விடுங்கள்.

இனி குறை. இதை ஓனரிடமும் சொல்லியிருக்கிறேன்.

உள்ளே இரண்டு பெஞ்ச், வெளியே ஒரு கல் திண்ணை. மாலை நான்கு மணிக்கு மேல் இலை பறித்துவிட்டு வருகிற பெண்கள் திண்ணையோரம் நின்றபடியே குடிக்கிறார்கள், இல்லையென்றால் பார்சல். பனி கொட்டுகிற மாதத்திலும் அப்படித்தான். ஓனரைக் கேட்டால், "யாரும் வேண்டாம்னு சொல்லலீங்களே" என்கிறார். உண்மைதான், யாரும் சொல்லவில்லை. போர்டு எதுவும் இல்லை. அந்தப் பெண்களில் ஒருவர் வாசலுக்கு வந்ததும் பெஞ்சில் இருப்பவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் விரிக்கிறார். இன்னொருவரின் முழங்கால் அகலுகிறது. சப்ளையர் அவர் கேட்பதற்கு முன்பே "பார்சலாக்கா?" என்கிறார். ஒவ்வொன்றும் ஒன்றுமே இல்லாத சின்ன அசைவு, எல்லாம் சேர்ந்து அவரை வெளியே நிறுத்திவிடுகின்றன. ஒருநாள் பள்ளி ஆசிரியைகள் இருவர் வந்தார்கள். "பார்சலா மேடம்?" என்பதைக் காதில் வாங்காமல் நேராக உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பேப்பர் மடங்கியது, முழங்கால்கள் சேர்ந்தன, கொஞ்ச நேரம் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினோம். இப்போது அவர்கள் வாடிக்கையாக உட்காருகிறார்கள். முகத்துக்கு முகம் கட்டிய ஒழுங்கு முகத்துக்கு முகம்தான் மாறும் என்று இடைவினைக்காரர்கள் சொல்வது சரியாகத்தான் நடந்தது.

ஆனால் தோட்டத்துப் பெண்கள் இன்னும் வெளியேதான். ஆசிரியைகளுக்கு மாறியது இவர்களுக்கு ஏன் மாறவில்லை என்பதற்கு இந்தக் கோட்பாடு பாதி பதில்தான் தருகிறது. தோள்பையும் இஸ்திரி போட்ட சேலையும் என்ன அர்த்தம், இலைச்சாக்கும் ரப்பர் செருப்பும் என்ன அர்த்தம் என்பது வரை சொல்லும். ஒருவருக்கு மாதச் சம்பளம், இன்னொருவருக்கு நாள் கூலி என்று யார் எங்கே எப்போது பிரித்தார்கள் என்று கேட்டால் பெஞ்சை விட்டு எழுந்து வெளியே போக வேண்டியிருக்கிறது. இந்தக் கோட்பாட்டின் மேல் பிற சமூகவியலாளர்கள் வைக்கிற பழைய புகாரும் அதுதான்: முகத்தைப் பார்க்கிறீர்கள், முகத்துக்குப் பின்னால் உள்ள அதிகாரத்தை விட்டுவிடுகிறீர்கள். பச்சைத் தேயிலை விலையும் அப்படி. பெஞ்சில் உட்காரும் சிறு விவசாயிகள் தினமும் அதைத்தான் பேசுகிறார்கள். யார் எந்தத் தொனியில் புலம்புகிறார், யார் விலை கேட்டதும் டம்ளரைச் சட்டென்று வைக்கிறார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. விலையை முடிவுசெய்கிறவர்கள் குன்னூர் ஏலத்திலும் அதற்கு அப்பாலும் இருக்கிறார்கள், இந்தக் கடையில் டீ குடிப்பதில்லை.

சமவெளியில் சில கடைகளில் இரட்டைக் குவளை பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு டம்ளருக்கு எத்தனை கொடிய அர்த்தம் கொடுக்க முடியும் என்று தெரியும். இங்கே யார் வந்தாலும் ஒரே கண்ணாடி டம்ளர், ஒரே தொட்டியில் கழுவுகிறார்கள், திண்ணையில் நிற்கிறவருக்கும் அதே. இது அந்த ஓனரின் அப்பா காலத்திலிருந்து வருகிற பழக்கம் என்கிறார்கள். அதற்கு மேல் இன்னொரு பெஞ்ச் போட அவருக்கு மனமும் உண்டு, இடமும் உண்டு. கல்லாவுக்குப் பக்கத்தில் காலி சிலிண்டர்கள் நிற்கிற மூலையைக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

ஐந்துக்கு என்று போட்டால்: டீ நாலரை, வர்க்கி நாலு, போண்டா ரெண்டு, சுத்தம் மூணு, சேவை அஞ்சு. உட்கார இடம் ஆண்களுக்கு நாலு, பெண்களுக்கு ஒண்ணரை. காலை ஐந்தரைக்குத் திறக்கிறார்கள், ஞாயிறு மதியத்துக்கு மேல் இல்லை. ஜிபே உண்டு, ஆனால் பனி அடர்ந்தால் சிக்னல் போய்விடும். வண்டியைப் பேருந்து நிலையப் பக்கமே விட்டுவிட்டு நடந்து வாருங்கள்.